நிக்கும் என்று சொன்னவர்

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் நாய்க்குட்டி கிடைத்தவன் முதலில் அதற்குப் பால் வைக்க மாட்டான். துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு எங்கள் லைனுக்கு வருவான். லைன் என்பது தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்கிறவர்களுக்காக வரிசையாகக் கட்டிய ஓட்டு வீடுகள். அதன் கடைசி வீட்டில் அவர் இருந்தார். ஷெட்டில் தோலைத் தரம் பிரிக்கிற மேஜையில் நின்றதால் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. பெற்றவர்கள் வைத்த பேரும் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பேரைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லாமல் போய் ரொம்ப நாளாகிறது.

வருகிறவன் கேட்பது ஒரே கேள்விதான்.

"மேஸ்திரி, இதுக்குக் காது நிக்குமா, தொங்குமா?"

கேள்விக்குக் காரணம் உண்டு. டாக்டர் பங்களாவில் ஓர் அல்சேஷன் நாய் இருந்தது. அவிழ்த்து விட்டால் மதில் தாண்டிவிடும். ஊரிலுள்ள பாதிக் குட்டிகளுக்கு அதுதான் அப்பன் என்று பேச்சு. அப்படிப் பிறந்த கலப்புக் குட்டிக்குக் காது நிமிர்ந்து நின்றால் போலீஸ் நாய் மாதிரி இருக்கும், வாசலில் கட்டிக் கௌரவமாக வளர்க்கலாம். தொங்கிவிட்டால் வெறும் தெரு நாய். ஆனால் இரண்டு மாசக் குட்டியில் எல்லாக் காதும் தொங்கத்தான் செய்யும். பிறகு நிற்குமா நிற்காதா என்பது ஆண்டவனுக்கும் மேஸ்திரிக்கும்தான் தெரியும் என்று ஊர் நம்பியது.

அவர் பீடியைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவுவார். நாளெல்லாம் தோலைத் தொட்ட கையை அப்படியே குட்டிமேல் வைக்க மாட்டார். குட்டியை மடியில் விட்டுக் காதின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்ல உருட்டுவார். காதை மடிப்பார், விடுவார். கண்ணை மூடிக்கொள்வார். குட்டி அவர் லுங்கியில் மூத்திரம் பெய்தாலும் கண்ணைத் திறக்க மாட்டார்.

"நிக்கும்" என்பார். "ஆறு மாசம் பொறு. நிக்கும்."

கறுப்பு, செவலை, புள்ளி போட்டது, வால் சுருண்டது, எல்லாக் குட்டிக்கும் இதே தீர்ப்புதான். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் குரல் கொடுப்பாள். "இவரு சொன்னதுல இதுவரைக்கும் ஒண்ணாவது நின்னுக்குதா, கேளுங்க." அவர் சிரித்துக்கொண்டே பீடியை எடுத்துக்கொள்வார்.

வேடிக்கை என்னவென்றால் ஷெட்டுக்குள் அவர் வேறு ஆள். நான் டிரம் போடுகிறவன். பெரிய மர உருளைகளில் தோலைப் போட்டுச் சுற்ற விடுவது என் வேலை. என் கையிலிருந்து போகிற தோலெல்லாம் கடைசியில் அவர் மேஜைக்குத்தான் வரும். தோலை மடித்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி விடுவார். விட்டதும் நிமிர்ந்தால் முதல் அடுக்கு. மடிந்தது மடிந்தபடியே கிடந்தால் கடைசி அடுக்கு. முதலாளியே பக்கத்தில் நின்று கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தாலும் கடைசி அடுக்கு கடைசி அடுக்குதான். அந்தக் கட்டைவிரலுக்கு அவர் செய்கிற உபசாரத்தைப் பார்த்து நாங்கள் கிண்டல் செய்வோம். தேங்காயெண்ணெய் தடவுவார். பனிக்காலத்தில் துணி சுற்றிக்கொள்வார். தீக்குச்சியை இடக்கையால்தான் கிழிப்பார்.

அப்படிப்பட்ட விரல் நாய்க்குட்டி விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு பொய் சொல்கிறது என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பொய் இல்லடா நைனா" என்றார். "முன்னாடி நானும் கரெக்டாதான் சொல்லிக்கினு இருந்தேன். ஒருத்தன் வந்தான். நிக்காதுன்னேன். மறுநாள் பாலாத்து மணல்ல அந்தக் குட்டி சுருண்டு கிடந்துச்சு. எறும்பு மொச்சிக்கினு. என் வாயாலதானே செத்துச்சு? அதுலேர்ந்து எல்லாத்துக்கும் ஆறு மாசம் வாங்கிக் குடுத்துர்றேன். ஆறு மாசம் சோறு போட்டவன் அப்புறம் காதையா பாக்கப்போறான்?"

அது உண்மை. காது தொங்கிப்போன எத்தனையோ நாய்கள் எங்கள் லைனில் ராஜா மாதிரித் திரிந்தன. அவற்றின் எஜமானர்கள் ஆறாம் மாசம் மேஸ்திரியிடம் வந்து சண்டை போடவே இல்லை.

நாளடைவில் அந்தப் பழக்கம் அவருக்கு எல்லாவற்றிலும் தொற்றிவிட்டது. பரீட்சை எழுதிய பெண் கேட்டால், பாஸாகிடும். வரன் தட்டிப்போனவர்கள் கேட்டால், கூடி வரும். ஒரு சாயங்காலம் ஒடுகத்தூர்க்காரர் ஒருவர் மூட்டையோடு வந்து, கடைசி பஸ் வருமா என்று கேட்டார். பஸ் போனதை எங்கள் கண்ணாலேயே பார்த்திருந்தோம். இவர், "வரும், உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் உட்கார்ந்தார், உட்கார்ந்தார், உட்கார்ந்துகொண்டே இருந்தார். கடைசியில் இவரே வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டுத் திண்டாடினார். "இன்னாத்துக்குணா இந்தப் பேஜாரு? போய்ட்டுதுன்னு சொல்ல வேண்டிதானே?" என்றேன். "மூட்டைய எறக்கி வச்சப்ப அவன் மூஞ்சியப் பாத்தியா நீ?" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இனிச் சிரிக்கிறதற்கு ஒன்றும் இல்லை.

என் மனைவி சரோஜா குடியாத்தத்துப் பெண், தறிக்காரக் குடும்பம். கல்யாணமாகி நாலு வருஷத்தில் இரண்டு தரம் உண்டாகி இரண்டும் மூன்றாம் மாசத்திலேயே கலைந்துபோயின. எங்கள் பக்கம் அதற்கு "நிக்கல" என்பார்கள். குழாயடியில் அவள் காதுபடவே சொல்வார்கள், "பாவம், அதுக்கு நிக்கவே மாட்டேங்குது." அந்தச் சொல்லைக் கேட்டால் அவள் பாதிக் குடத்தோடு திரும்பி வந்துவிடுவாள். மூன்றாம் தரம் உண்டானபோது யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து பயந்துகொண்டே இருக்கிறாளே என்று நான் டாக்டர் பங்களாத் தோட்டக்காரரிடம் கேட்டு ஒரு செவலைக் குட்டியைக் கொண்டுவந்தேன். ஜிம்மி என்று பேர் வைத்தாள்.

மறுநாளே குட்டியைத் தூக்கிக்கொண்டு மேஸ்திரி வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் கூடப் போனேன்.

"அண்ணா, நிக்குமா?" என்றாள்.

அவள் காது என்று சொல்லவில்லை. அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம்போலக் கையைக் கழுவி, காதை உருட்டி, கண்ணை மூடினார்.

"நிக்கும்மா. தாராளமா நிக்கும்."

அவள் அழுதுவிட்டாள். நாய்க்குட்டிக்கு யாராவது அழுவார்களா என்று அவர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். நான் பேச்சை மாற்றினேன். அன்று முதல் சரோஜா ஒழுங்காகச் சாப்பிட்டாள். மூன்றாம் மாசம் தாண்டியது. நாலாம் மாசத்தில் ஜிம்மியின் காது இரண்டும் மெல்ல நிமிர்ந்தன. எங்கள் வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் இருந்ததில்லை.

ஐந்தாம் மாசம் குட்டிக்குப் பல் விழுந்து முளைக்கத் தொடங்கியது. காது இரண்டும் பொத்தென்று விழுந்துவிட்டன. பல் முளைக்கிற சமயத்தில் அப்படித்தான் விழும், பிறகு எழும் என்று அன்று எங்களுக்குச் சொல்ல யாருமில்லை. சரோஜா சோற்றைத் தொடவில்லை. வயிற்றில் கையை வைத்தபடி நாயின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. நான் முன்கோபக்காரன், அதையும் சொல்லிவிடுகிறேன். நேரே ஷெட்டுக்குப் போய் மேஸ்திரியிடம் கத்தினேன். "உங்க வார்த்தைய நம்பிக்கினு ஒருத்தி பட்டினி கெடக்குறா. அவ கேட்டது நாய்க் காத இல்லணா."

அவர் கையிலிருந்த தோல் நழுவியது. "எத்தினி மாசம்?" என்றார். சொன்னேன். குனிந்து தோலைப் பொறுக்கி மேஜையில் போட்டார்.

சாயங்காலம் ஒரு பொட்டலத்தோடு வந்தார். ஷூவின் முன்பக்கம் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கிற மெல்லிய அட்டை, தோல் துண்டு, ஒரு டப்பா சொல்யூஷன். செருப்பு ஒட்டுகிற பசைதான். அட்டையை வெற்றிலை மாதிரி வெட்டி, ஓரத்தைச் சீவி, ஜிம்மியின் காதுக்குள் சொல்யூஷன் தடவி ஒட்டினார். காது கஞ்சி போட்ட சட்டைக் காலர் மாதிரி நின்றது. ஜிம்மி தலையை உதறிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடியது.

"அண்ணா, இது கள்ளாட்டம்" என்றாள் சரோஜா. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நிக்கிறதுக்கு ஒரு கை குடுத்தா கள்ளாட்டமா? நீ சாப்பிடு மொதல்ல."

தினமும் வேலை முடிந்து வந்து பார்ப்பார். நாலு நாளைக்கு ஒரு தரம் பிரித்து ஒட்டுவார். தோலோடு பிறந்து தோலோடு வளர்ந்தவருக்கு ஒன்று தோன்றவில்லை, செத்த தோலுக்குப் போடுகிற பசையை உயிருள்ள தோல் தாங்குமா என்று. மூன்றாம் தரம் பிரித்தபோது வலது காதின் உட்புறம் அட்டையோடு உரிந்து வந்துவிட்டது. குட்டி வீல் என்று கத்தியது. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, "ஐயோ, நானே உரிச்சிட்டனே" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். இரண்டு வாரம் தேங்காயெண்ணெய் போட்டு ஆற்றினார். இடது காது நின்றது. வலது காது நிற்கவே இல்லை.

சரோஜா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயிற்றில் குழந்தை உதைக்க ஆரம்பித்திருந்தது. "ஒரு காது போதும்" என்றாள்.

ஆறு முடிந்து ஏழு பிறந்த சமயம் வலி கண்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஜிம்மியைத் தன் சம்சாரத்திடம் விட்டுவிட்டு மேஸ்திரியும் கூடவே வந்தார். மறுநாள் காலை பிறந்தது. பையன். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிசு.

குழந்தையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். நானும் அவரும் இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். ஒரு நர்ஸம்மா வந்து குழந்தையின் பாதத்தைப் பார்த்தார். பிறகு அதன் காதை ஒரு விரலால் மெல்ல மடித்தார், விட்டார். மடிந்த காது அப்படியே கிடந்தது. இன்னொரு தரம் மடித்தார். அப்போதும் நிமிரவில்லை. சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

"இன்னாணா பாக்குறாங்க?" என்றேன்.

அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல" என்றார். "சும்மா தொட்டுப் பாக்குறாங்க. நீ போய் மருந்து வாங்கினு வா."

மருந்தோடு நான் வார்டுக்குத் திரும்பியபோது அவர் சரோஜாவின் கட்டிலருகே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சரோஜா சிரித்தாள். "அண்ணன் பாத்துட்டு வந்து சொல்லிட்டாரு, நிக்கும்னு" என்றாள்.

இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை. வெள்ளைத் துணி வாங்கினேன். வார்டில் கண்டவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். என்ன பேர் வைக்கலாம் என்று சரோஜாவைத் தொணதொணத்தேன். அவள் ஒவ்வொரு பேருக்கும், "நல்லாருக்குங்க" என்றாள். மூன்றாம் நாள் விடிந்ததும் வந்து சொன்னார்கள். அந்த வெள்ளைத் துணியில்தான் சுற்றிக் கொடுத்தார்கள்.

அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது அந்த நர்ஸம்மாவைப் பார்த்தேன். அன்றைக்கு ஏன் காதை மடித்தீர்கள் என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. "மாசம் நெறஞ்ச கொழந்தன்னா காத மடிச்சு விட்டா உடனே நிமிரும்ப்பா" என்றார். "இதுக்கு நிமிரல. ரொம்பப் பிஞ்சு." அவர் தன்மையாகத்தான் சொன்னார். எனக்குத் தலைக்குள் ரத்தம் ஏறியது. மடித்து விட்டால் நிமிராததை இருபது வருஷமாகக் கடைசி அடுக்கில் போட்டுக்கொண்டிருந்தவர் மேஸ்திரி. ஊரிலேயே அதைத் தெரிந்த ஒரே ஆள். தெரிந்தும் போய் என் பெண்டாட்டியிடம் நிக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

சரோஜாவை அவள் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்தே குடியாத்தத்துக்குக் கூட்டிப்போனாள். நான் நேராக ஷெட்டுக்குப் போனேன். அவர் மேஜையருகே வேலை செய்யாமல் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"தெரிஞ்சுதானே சொன்ன?" என்றேன். அதுவரை அவரை ஒருமையில் பேசியதில்லை.

"தெரிஞ்சுதான்" என்றார்.

"ரெண்டு நாள் எங்கள ஆட வச்சு வேடிக்க பாத்தியா?"

அத்தனை பேர் எதிரில் அவர் கன்னத்தில் அறைந்தேன். ஒன்றல்ல, இரண்டு. என்னைவிட இருபது வயது மூத்தவர். கையைக்கூடத் தூக்கவில்லை. "அடிடா நைனா" என்றார். ஆட்கள் என்னை இழுத்துப் போனார்கள்.

அதோடு அந்த ஷெட்டும் வேண்டாம், லைனும் வேண்டாம் என்று ராணிப்பேட்டையில் வேறு ஷெட்டில் சேர்ந்து அங்கேயே வீடு பார்த்தேன். சரோஜா குடியாத்தத்திலிருந்து நேரே அங்கே வந்தாள். அண்ணன் ஏன் பார்க்க வரவில்லை என்றாள். வேலை ஜாஸ்தி என்றேன். ஜிம்மி எங்கே என்றாள். அது அவர் வீட்டில்தான் இருந்தது, போய்க் கேட்க எனக்கு மனமில்லை. ஓடிப்போச்சு என்றேன். பொய் சொன்னதற்காக ஒருவரை அறைந்த கையோடு நான் சொன்ன பொய்கள் இவை. பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எங்களுக்கு அப்புறம் குழந்தையும் இல்லை.

ஆறேழு வருஷம் கழித்துப் பழைய ஷெட்டின் தோஸ்த் ஒருவனை வேலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். டீ குடிக்கும்போது சொன்னான். "மேஸ்திரி போய்ட்டாரு. பள்ளிகொண்டாவுல மக வீட்ல. ஒரு மாசம் ஆச்சு." நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். அவன் தானாகவே பேசிக்கொண்டு போனான். "நீ கைய வச்சதுக்கப்புறம் அவரு யாருக்குமே சொல்லலப்பா. குட்டி கொண்டாந்தா, தெரியாது நைனா, என்னியக் கேக்காதம்பாரு. அவரே தெரியாதுன்னா நிக்காதுன்னுதானே அர்த்தம்னு ஆத்துல வுட்டுட்டுப் போய்டுவானுங்க. அப்புறம் அவரே போய்த் தேடித் தூக்கினு வருவாரு. கடைசில வீட்டுல ஏழோ எட்டோ இருந்துச்சு. உங்க ஜிம்மிதான் பெருசு."

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நர்ஸ் சொன்னது, ஷெட்டுக்குப் போனது, அறைந்தது, ஜிம்மி ஓடிப்போகவில்லை என்பது, மேஸ்திரி செத்தது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"அவரு பொய் சொல்லலங்க" என்றாள். "அந்த நர்ஸம்மா எங்கிட்ட அப்பவே சொல்லிட்டாங்க, ரெண்டு நாள் தாங்குறதே கஷ்டம்னு. அண்ணன் வந்தாரு. கட்டில்கிட்ட நின்னுக்கினு அழுதாரே தவிர வாயே தொறக்கல. நான்தான் கெஞ்சினேன். அண்ணா, எல்லா நாய்க்குட்டிக்கும் சொல்றீங்களே, என் புள்ளைக்கும் ஒருவாட்டி சொல்லுங்கன்னேன். சொன்னாரு. அவருகிட்ட சத்தியமும் வாங்கிக்கினேன்."

"இன்னா சத்தியம்?"

"நர்ஸம்மா சொன்னத உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு. புள்ள இருக்கிற வரைக்கும் நீங்களாவது சந்தோசமா இருக்கட்டும்னு."

வெள்ளைத் துணியும் மிட்டாயும் வாங்கிக்கொண்டு ஓடிய என்னை அவள் அந்தக் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். முறத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

"புள்ள போனதுக்கப்புறமும் அவரு உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலியா?" என்றாள்.

"இல்ல."

அவள் என் கையைப் பார்த்தாள்.

"நீங்க அடிச்சப்பகூடவா?"